இரண்டு மிக்ஸி, ஒரு நாக்கு

மேல்வரிசைப் பற்களை மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வந்த அன்று என் கணவர் ஸம்பத்குமார் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. கருடசேவையைப் பற்றித்தான் கவலைப்பட்டார். ரத்தப் பஞ்சை வாயில் அடக்கிக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்து, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் இந்த மனுஷனுக்கு?

திருவள்ளூரில் எங்கள் பெருமாள் கோயிலில் அவர் ஸ்ரீபாதம் தாங்கி. பெருமாள் வீதிக்கு எழுந்தருளும்போது வாகனத்தின் தண்டைத் தோளில் சுமக்கிறவர்களுக்கு அந்தப் பெயர். வயிற்றுப்பாட்டுக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஆனால் யாராவது அவரை ஜெராக்ஸ் கடைக்காரர் என்று சொல்லிவிட்டால் முகம் தொங்கிப்போகும். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தை மாத உற்சவத்தில் கருட வாகனத்தின் முன்தண்டு அவருடையது. காய்ச்சலோடு சுமந்திருக்கிறார். கொட்டும் மழையில் சுமந்திருக்கிறார். ஒரு வருஷமும் விட்டதில்லை.

பல் போனபிறகு கஞ்சி, மோர்சாதம், குழையப் பிசைந்த இட்லி, அவ்வளவுதான். பல்செட்டு கட்டிக்கொடுத்தார்கள். அதை மாட்டினால் ஈறு வலிக்கிறது என்று அதற்கும் முறைத்துக்கொண்டார். கார்த்திகைக்குள் ஆள் பாதியாகிவிட்டார். சட்டைக்குள் தோள் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருந்தது. எதைப் போட்டாலும் மருந்து மாதிரி முழுங்கிவிட்டு எழுந்துவிடுவார்.

சுமக்கிறவர்களுக்கெல்லாம் தலைவர் தேசிகன் ஸ்வாமி. யார் எந்தத் தண்டில் நிற்பது என்று அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவர் ஒருநாள் கோயிலில் இவருடைய தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஸம்பத், இந்த வருஷம் நீ குடை பிடியேன்" என்றாராம்.

குடை பிடிப்பதும் கைங்கர்யம்தான், யார் இல்லையென்றது? ஆனால் இவர் வீட்டுக்கு வந்து, அங்கவஸ்திரத்தைக்கூட மடித்து வைக்காமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். அது ஆடை கட்டி ஆறிப்போயிற்று. விஷயத்தை அவர் வாயிலிருந்து வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"முடிவா சொல்லிட்டாரா?"

"தண்டு கட்டற அன்னிக்கு வா, தூக்கிப் பார்த்துட்டு சொல்றேன்னார். மனசு நோகாம இருக்கச் சொல்லியிருப்பார்."

"அவர் எதுக்குச் சொன்னாரோ, சொன்னார் இல்லையா? அதுக்குள்ள உடம்பைத் தேத்தணும். எழுந்திருங்கோ, காபியைச் சாப்பிடுங்கோ."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எப்படித் தேற்றுவது? புரதச்சத்து வேண்டும் என்றார் டாக்டர். முட்டை எங்கள் வீட்டு வாசப்படி ஏறாது. பருப்பு வாயு. பனீர் கொடுத்தால் ரப்பரைத் தின்னச் சொல்கிறாயா என்று கேட்டார். கொட்டை வகைகளைக் கடிக்கப் பல் இல்லை.

எங்கள் பிள்ளை வரத் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் இருக்கிறான். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். ஜிம்முக்குப் போகிறவன். அந்த வாரக் கடைசியில் வந்தபோது ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து அப்பா எதிரில் வைத்தான்.

"பீநட் பட்டர்ப்பா. வேர்க்கடலைய வெண்ணெய் மாதிரி அரைச்சது. கடிக்கவே வேண்டாம். தினம் ரெண்டு ஸ்பூன் எடுத்துக்கோ, தோள் தானா வரும்."

இவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் பண்ணினா?"

"மிஷின் பண்ணித்து."

"மிஷின் குளிச்சுட்டா பண்ணித்து?"

வரத் தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்குத் தெரியாததா? பெருமாளுக்குப் படைக்காத எதையும் இவர் சாப்பிடமாட்டார். கடையில் வாங்கியதைப் பெருமாளுக்குப் படைக்கவும் மாட்டார். "அப்போ ஆத்துலயே பண்ணும்மா. வெறும் கடலைதான். வறுத்து, தோல் நீக்கி, அரைச்சுண்டே இருக்கணும். அவ்வளவுதான்" என்று என் பக்கம் தள்ளிவிட்டு, அந்த பாட்டிலைத் தானே திறந்து தின்றுகொண்டு திரும்பிப் போனான்.

அரைப்பதுதானே, அரைக்காத கையா இது? திலகவதி அனுப்பியிருந்த கடலை ஒரு பை இருந்தது. திலகவதி என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். சோழவரம் ஏரிப்பக்கம் நெல் பயிரிடும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மேட்டு நிலத்தில் கொஞ்சம் கடலையும் போடுவார்கள். வறுத்தேன், தோல் புடைத்தேன், மிக்ஸியில் போட்டேன். தூளாயிற்று. பிறகு ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொண்டு சுற்ற மாட்டேன் என்றது. சுற்றாவிட்டால் நாம் என்ன செய்வோம்? என் கை, என்னைக் கேட்காமலேயே, ஒரு கரண்டி தண்ணீரை எடுத்து ஊற்றியது.

நன்றாகச் சுற்றிற்று. வெள்ளையாக, கெட்டியாக, அருமையான கடலைச் சட்னி வந்தது.

திலகாவுக்குப் போன் போட்டுச் சொன்னால் அவள் சிரித்த சிரிப்பில் என் காது அடைத்துவிட்டது. "இன்னாடி அம்புஜம், தாளிச்சியா இல்லியா? தாளிச்சி, நாஷ்டாக்கு தோச ஊத்திக்கினு துன்னுங்கடி."

"சிரிக்காதே திலகா. எரிச்சலா வரது."

"தண்ணி காட்னா அது எப்டி வெண்ணையாவும்? கடலைல எண்ண கீதுல்ல, அது தானா கக்கும். அது வரிக்கும் வுட்டு ஆட்டு. மிக்சி சூடாச்சுன்னா நிறுத்திட்டு கம்முனு குந்து. அவசரப்படாத."

அவள் சொன்னதுதான் சரி. மறுநாள் தண்ணீர்ச் செம்பைச் சமையலறையை விட்டே வெளியேற்றினேன். அரைப்பது, நிறுத்துவது, கரண்டியால் வழிப்பது, மறுபடி அரைப்பது. தூள் மணலாயிற்று, மணல் உருண்டையாயிற்று, மிக்ஸி முனகியது. நான் விடவில்லை. பிறகு எந்த நிமிஷத்தில் என்று தெரியவில்லை, உருண்டை உடைந்து பளபளவென்று இளகி ஓட ஆரம்பித்தது. வறுத்த கடலை வாசனை வாசல்வரை போயிற்று. எதிர்வீட்டுக்காரி, என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தாள். எனக்கு ஒரே பெருமை.

இவர் வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். "வேர்க்கடலையா? கோயில் மடப்பள்ளியில இதைச் சேர்க்கறதில்லையே. பெருமாளுக்கு எப்படி அம்சை பண்றது?"

அம்சை பண்ணுவது என்றால் படைப்பது. எனக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. ஜார் பிடித்த கை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. வந்ததே கோபம்!

"அக்காரவடிசல்ல முந்திரிப்பருப்பு போடறாளே, அது மட்டும் வைகுண்டத்துலேர்ந்து வந்துதா? அதுவும் கப்பல்ல வந்ததுதான். அது கிடக்கட்டும். விடியக்காலம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு காபி சாப்பிடறேளே, என்னிக்காவது பெருமாளுக்கு அம்சை பண்ணிட்டா சாப்பிடறேள்?"

அவர் உத்தரத்தைப் பார்த்தார். ஈறை நாக்கால் தடவினார். கடைசியில், "சரி. அம்சை பண்ணு. ஆனா வாயில போட்டு ருசி பார்த்துடாதே" என்றார்.

அதை எனக்குச் சொல்லவேண்டியதே இல்லை. எங்கள் வீட்டில் சமைக்கும்போது ருசி பார்க்கும் வழக்கமே கிடையாது. முதலில் ருசிப்பவர் பெருமாள். உப்பு போதுமா, புளி தூக்கலா என்பதைக் கைக்கணக்கும் மூக்கும்தான் சொல்லவேண்டும். சாம்பாரோ ரசமோ கண்ணை மூடிக்கொண்டு செய்வேன், ஒருநாளும் பிசகியதில்லை.

அன்று படைத்துவிட்டு, அவரைப் பல்செட்டு மாட்டச் சொல்லி, ஒரு ஸ்பூன் நிறையக் கொடுத்தேன். வாயை மூடினார். திறக்க முடியவில்லை. கண் பிதுங்கியது. ஒரு இழு இழுத்தார் பாருங்கள், ஸ்பூனோடு சேர்ந்து பல்செட்டும் வெளியே வந்துவிட்டது! ஸ்பூனில் கடலை வெண்ணெய், கடலை வெண்ணெயில் பல். இருவரும் அதைப் பார்த்தோம். எனக்கு அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். உள்ளே நின்று சிரிக்கும்போது கூடத்திலிருந்து அவர் சிரிப்பதும் கேட்டது. பல் பிடுங்கினதிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

பல்செட்டு டப்பாவுக்குள் போயிற்று. கடலை வெண்ணெயை நல்லெண்ணெய் விட்டு இளக்கி, சுடச்சுட இட்லியோடு குழைத்துக் கொடுத்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. ஆனால் வெறும் கடலையை எத்தனை நாள் தின்ன முடியும்? மிளகு, பெருங்காயம், வறுத்த கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்து ஒரு பாட்டில் அரைத்தேன். வாசனை ஊரைத் தூக்கியது. தினமும் காலையில் படைத்துவிட்டு அவருக்கு வைத்தேன். அவரும் பேசாமல் சாப்பிட்டார். பேசாமல் என்றால் ஒரு வார்த்தை இல்லாமல். நானும் பிடித்திருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, அதில் ஒரு சொட்டுக்கூட என் தட்டுக்குப் போகாமல் அவருக்காக மூடி மூடி வைத்தேன்.

ஆனால் மண்பானைத் தண்ணீர் மட்டும் காலியாகிக்கொண்டே இருந்தது. காலையில் நிரப்பினால் மத்தியானம் தரை தட்டும். ஒருநாள் இட்லியில் மீந்ததை வீணாக்குவானேன் என்று என் வாயில் போட்டேன். நாக்கு சுருண்டுகொண்டது. கடல்தண்ணீர் தோற்றது! சட்னிக்குப் போடுகிற உப்பை அப்படியே இதற்கும் போட்டிருக்கிறேன். சட்னியில் தண்ணீர் இருக்கிறது, உப்பு கரைந்து பரவிப்போகும். இதில் தண்ணீரே இல்லையே. என் கைக்கணக்கு இதற்கு உதவவில்லை.

நேரே கடைக்குப் போனேன். யாரோ ஒரு பையன் ஆதார் அட்டையைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

"ஏன்னா, இதை எப்படி முழுங்கினேள் இத்தனை நாளா?"

"எதை?"

"அந்தக் கடலை வெண்ணெயை. உப்பு கரிக்கிறதே!"

"ப்ரஸாதம்" என்றார், ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டு.

"ப்ரஸாதம்னா? உப்பு ஜாஸ்தின்னு சொன்னா நாக்கா அறுந்துடும்?"

"ப்ரஸாதத்துல குத்தம் சொல்லப்படாது அம்புஜா."

"பெருமாளும் சொல்லமாட்டார், நீங்களும் சொல்லமாட்டேள். பண்ணும்போது நானும் வாயில போட்டுப் பார்க்கப்படாது, படைச்சப்புறம் பார்த்தா பாட்டில் பூராவும் வீண். அப்போ யார்தான் எனக்குச் சொல்றது?"

அந்தப் பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இவர் அவனுடைய ஆதாரை முன்பக்கம் இரண்டு முறை எடுத்துவிட்டு, பின்பக்கத்தை மறந்து கொடுத்தனுப்பினார்.

வீடு வந்து உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. ஒன்று, அந்த உப்பைத் தினமும் முழுங்கிவிட்டு ஒரு முகச்சுளிப்புகூடக் காட்டாமல் எழுந்து போயிருக்கிறாரே என்று. இன்னொன்று, மார்கழி பிறந்துவிட்டது, தோள் இன்னும் அப்படியே இருக்கிறதே என்று. அவருக்குக் கருடனுக்கு அடியில் நிற்கிற அந்த இடம் போய்விட்டால், அந்த மனுஷன் அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? கடைக்குப் போவார், வருவார். ஆனால் ஆள் இருக்கமாட்டார். எனக்கு அது நன்றாகத் தெரியும். மூக்கைச் சிந்திக்கொண்டே திலகாவுக்குப் போன் செய்தேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவள், "அட, இதுக்கா இந்த பேஜாரு?" என்றாள். "உன் நாக்குக்கு பூட்டு. எனுக்கு நாக்கு கீதுல்ல?"

"நீ எப்படி ருசி பார்ப்பே? நான் பண்றதைப் பெருமாளுக்கு அம்சை பண்றதுக்கு முன்னாடி..."

"உன்துல எதுக்குடி வைக்கிறேன்? எங்க ஊட்ல, எங்க மிக்சில, எங்க கடலய நான் அரைக்கிறேன். நீ அதே கடலய உங்க ஊட்ல அரை. நீ இன்னா போடுறியோ அதே அளவு நான் போடுறேன். நான் துன்னு பாத்து சொல்றேன். என்து சரின்னா உன்தும் சரிதான?"

கடலையும் ஒரே நிலத்துக் கடலை. மிக்ஸியும் நாங்கள் இருவரும் ஆடித் தள்ளுபடியில் ஒன்றாகப் போய் வாங்கியது. சாயங்காலம் இவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கண்ணை மூடி யோசித்தார். "சோழவரத்துல அவா ஆத்துல அவா பண்ணி அவா சாப்பிடறா. அதுல நமக்கென்ன?" என்றார். அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு வரும் என்று நான் நினைக்கவேயில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு வீட்டிலும் கச்சேரி. போனை ஸ்பீக்கரில் போட்டு உப்பு ஜாடியில் சாய்த்து வைப்பேன். முதல் நாள் இரண்டு மிக்ஸியும் ஒரே சமயத்தில் ஓடியதில் அவள் கத்தியது எனக்குக் கேட்கவில்லை, நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. நான் சுக்கு என்றதை அவள் காதில் வாங்காமல், நான் எப்போதோ போட்டு முடித்த சர்க்கரையை அப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒழுங்கு வந்தது. பேசுகிறவள் முதலில் மிக்ஸியை நிறுத்தவேண்டும்.

"வெல்லப் பாகு காய்ச்சி விடட்டுமா திலகா?"

"அய்ய, பாகு ஊத்துனா கடல உருண்டை ஆய்டும். பல்லு இல்லாத மன்சனுக்கு கடல உருண்ட குடுக்கப் போறியா? நாட்டுச்சக்கர தூளா போடு. ஈரம் பட்டது எதுவும் வோணாம்."

"சரி, சுக்குப்பொடி கால் ஸ்பூன், ஏலக்காய். உப்பு ரெண்டு விரல்ல எடுத்த அளவு."

அவள் சப்புக்கொட்டுவது மட்டும் கேட்கும். நான் சர்க்கரை டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"சுக்கு தூக்கலா கீது. இன்னோரு ஸ்பூன் சக்கர போடு. நானும் போடுறேன். ம்ம்... இப்ப சோக்கா கீதுடி! கடசியா இன்னாவோ சொன்னியே, அது இன்னா?"

"பச்சைக் கற்பூரம். ஒரு துளி. அரிசியில பாதிகூட இல்லை, பார்த்துப் போடு, ஜாஸ்தியானா கசந்துடும்."

போட்டதும், "அடியே, இது இன்னாடி, ஊடு முச்சூடும் கோயில் வாசன! எங்க மாமியாரு செருப்ப வெளில கயட்டிட்டு கன்னத்துல போட்டுக்கினு உள்ள வருது!" என்றாள்.

அதுதான் கைகூடியது. கடலையில் சுக்கும் ஏலமும் பச்சைக் கற்பூரமும். அன்று படைத்துவிட்டு இவருக்கு வைத்தேன். குற்றம் சொல்லத்தான் கூடாது, மெச்சலாம் இல்லையா, அதையும் செய்யவில்லை. ஆனால் ஸ்பூனை முன்னும் பின்னும் சுத்தமாக நக்கினார். எனக்கு அது போதும். அடுத்த வாரம் மிளகு கறிவேப்பிலையைத் திலகா நாக்கை வைத்துச் சரிசெய்தோம். அதற்கடுத்து எள்ளும் காய்ந்த மிளகாயும். புளி போட்டுப் பார்க்கலாம் என்றேன். "கம்முனு இரு" என்றாள்.

இவர் மொட்டைமாடியில் அரிசி மூட்டையைத் தோளில் வைத்து நடக்க ஆரம்பித்தார். முதலில் கால் மூட்டை, பிறகு அரை. எதிர்வீட்டுக்காரி, கடத்தல் அரிசியா மாமி என்று கேட்டாள். தோள் மெல்ல மெல்லச் சட்டையை நிரப்பியது. ஆனால் தோள் வந்தவர் இவர் மட்டுமில்லை. திலகாவின் வீட்டுக்காரர் சந்திரமோகனுக்கு அத்திப்பட்டு அனல் மின்நிலையத்தில் வேலை. ருசி பார்த்து மீந்ததையெல்லாம் அவருக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். "உங்க ஊட்டுக்காரரு தேறுறாரோ இல்லியோ, என் ஊட்டுக்காரருக்கு சட்ட பட்டன் போட முடில. யூனிபாரம் மாத்தி குடுன்னு ஆபீஸ்ல போய் நிக்கிறாரு" என்று ஒப்பாரி வைத்தாள்.

தண்டு கட்டுகிற நாள் வந்தது. உற்சவம் தொடங்குவதற்கு முன்னால் வாகனத்துக்குத் தண்டுகளைக் கட்டி, எல்லோரும் தோள் கொடுத்துத் தூக்கி, உயரம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். வாகனத்தில் பெருமாள் இருக்கமாட்டார், கருடன் மட்டும். அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் துளசி வாங்கிக்கொண்டு போய், மண்டபத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

தேசிகன் ஸ்வாமி இவரை முன்தண்டில் நிறுத்தினார். "ஏழப்பண்ணு!" என்று குரல் கொடுத்ததும் கருடன் எழும்பினான். மண்டபத்தை ஒரு சுற்று வந்தார்கள். தேசிகன் ஸ்வாமி யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, இவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டு கூடவே நடந்தார். நானும் அதையேதான் பார்த்தேன். என் கையிலிருந்த துளசி கசங்கி நீராகிவிட்டது. இறக்கியதும் அவர் இவருடைய தோளை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"என்ன சாப்பிட்டே ஸம்பத்?"

"ஆத்துல ஏதோ அரைச்சுக் கொடுத்தா."

ஏதோவாம்! தூணுக்குப் பின்னாலிருந்து வந்து நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்றிருந்தது.

"தோள் வந்திருக்கு. ஆனா இன்னும் முழு வீதிக்குப் போறாது. கோபுர வாசல்லேர்ந்து தேரடி வரைக்கும் நீ சுமக்கலாம். தேரடில தோள் மாத்திடுவேன். நடுவுல தடுமாறினாலும் மாத்திடுவேன். பெருமாள் சமாசாரம், தாட்சண்யம் பார்க்கமாட்டேன். சம்மதமா?"

இவர் கீழே விழுந்து ஸேவித்தார். வரும் வழியில் நான்தான் பொருமிக்கொண்டு வந்தேன். "பாதி வீதிதானா? அவ்வளவு பாடுபட்டோம்."

"குடை இல்லை அம்புஜா. தண்டு" என்றார். தெருவில் நடந்துகொண்டே ஒரு தடவை தன் தோளைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கருடசேவை அன்று விடிவதற்குள் கோபுர வாசலில் நிற்க இடமில்லை. வரத் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். திலகா சோழவரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, கூட்டத்தை முழங்கையால் ஒதுக்கி என் பக்கத்தில் நின்றாள். கதவு திறந்தது. கற்பூர வெளிச்சத்தில் பெரிய கருடன்மேல் பெருமாள் வெளியே வந்தார். ஊரே கை கூப்பியது. நான் பெருமாளைப் பார்த்தேனா என்று கேட்டால் சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்கவில்லை. முன்தண்டுக்கு அடியில்தான் என் கண் இருந்தது. இவர் இருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நாங்கள் பக்கவாட்டில் கூடவே நடந்தோம்.

முதல் மண்டகப்படி தாண்டியது. அதுவரை ஒரு குறையும் இல்லை. மிட்டாய்க் கடை வளைவில் தெரு கொஞ்சம் மேடு. அங்கே அவருடைய இடது கால் ஒரு அடியில் லேசாகப் பின்வாங்கியது. தேசிகன் ஸ்வாமி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தார். மாற்று ஆள் ஒருவர் தோளைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார். இவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. தேசிகன் ஸ்வாமி ஒரு கையைத் தண்டில் வைத்து, எடுக்காமல் கூடவே நடந்தார்.

"நடங்கோ, நடங்கோ" என்று முணுமுணுத்தேன். திலகா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் ஒன்று நெளிந்தேபோயிற்று. "இன்னும் கொஞ்சம் தூரம்தான்டி, ஆளு வுடல பாரு, வுடல பாரு" என்று அவள் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். மேடு ஏறினார்கள். அடி சீரானது. தேரடி வந்தது.

"மாத்து!"

மாற்று ஆளின் தோள் தண்டுக்கு அடியில் நுழைந்தது, இவருடைய தோள் விலகியது. பெருமாள் ஒரு கணம்கூட ஆடவில்லை. தேசிகன் ஸ்வாமி இவர் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, வாகனத்தோடு முன்னே போய்விட்டார்.

கூட்டம் நகர்ந்தது. இவர் தேர் நிற்கிற இடத்தில், வியர்வை சொட்டச் சொட்ட, தோள் சிவந்து கன்றிப்போய் நின்றார். வரத் ஓடிப்போய்த் துண்டைக் கொடுத்தான். நான் போய் எதிரில் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. வலிக்கிறதா என்று கேட்கலாம், வருத்தமா என்று கேட்கலாம். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகிற பெருமாளைக் கடைசிவரை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"அம்புஜா, பசிக்கிறது."

பல் பிடுங்கின நாளிலிருந்து அவர் வாயிலிருந்து ஒருமுறைகூட வராத வார்த்தை. கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நடுவீதியில், நாதஸ்வரமும் கூட்டமும் போய்க்கொண்டிருக்கும்போதே, குழந்தை மாதிரி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

திலகா என் முதுகில் ஒன்று வைத்தாள். "இன்னாத்துக்குடி அழுவுற? மன்சன் பசிக்குதுன்றாரு. வா, ஊட்டுக்குப் போயி சோறு போடு."